பதினொரு ‘தெரியலீங்க’

1

“நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

குணா என்னிடம் முதன்முதலில் இதைக் கேட்டது ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில். நாங்கள் இருவரும் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். டிக்கோயா தாண்டியதும் வரும் வளைவுகளில் பஸ் ஒருபக்கமாகச் சாய, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி நான் எதையோ அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். பேசியது என்னவென்று மறந்துவிட்டது. அவன் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரமும் மறக்கவில்லை. மூன்று நாட்கள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள், அவனிடம் அதே கேள்வியைக் கேட்டு மடக்கினேன். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

அவனும் எங்கள் தேயிலைத் தோட்டம்தான். மேல்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேல் டிவிஷனில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மூன்று லயம் கீழே அவன் வீடு. அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கூட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். என் அம்மாவை அவன் “அத்த” என்றுதான் கூப்பிடுவான். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அவன் குடும்பத்திலும் அவனே முதல் ஆள். இரண்டு பேருக்கும் அளவையியல் பாடம் பிடித்திருந்தது. ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டும் என்று ஒரு புத்தகமே சொல்கிறது என்பது, சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிப் பழகிய வீடுகளிலிருந்து வந்த எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒருநாள் வகுப்பில் ஓர் ஆசிரியர், “இந்த வகுப்பில பல்கலைக்கழகம் போகப்போறவங்க ஒருத்தரும் இல்ல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார். பின்வரிசையிலிருந்து குணா என் முதுகில் பேனாவால் குத்தி, “அது அவருக்கு எப்பிடித் தெரியும்னு கேளு” என்றான். நான் எழுந்து கேட்டேன். அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எனக்குப் பெருமைதான். அந்த வகுப்பிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழகம் போனோம். அவனும் நானும்.

சந்தேகப்படுவது இல்லாதவர்களின் ஆயுதம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தோட்டத்து மக்கள் இப்படித்தான், மலைநாட்டுப் பெண்களுக்கு இதற்குமேல் வராது என்றெல்லாம் யார் சொன்னாலும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் எதிரில் நிற்பவர் ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடிக்குள் ஓடித்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

இவ்வளவு தூரம் என்பது நோர்வேயின் பேர்கன் நகரம். மெய்யியலில் முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்து வந்தேன். அறிவு என்றால் என்ன, எதையாவது உறுதியாக அறிய முடியுமா என்பதைப் பற்றி நூறு பக்கத்தில் ஓர் ஆய்வேடு எழுதினேன். எழுதி முடித்தபோது அதை வைத்து இந்த ஊரில் வேலை எதுவும் கிடைக்காது என்பதை மட்டும் உறுதியாக அறிந்திருந்தேன். இப்போது மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். திருமணமாகிவிட்டது. ஐந்து வயதில் மீரா என்றொரு மகள் இருக்கிறாள்.

இதுவும் மலைதான், இங்கேயும் மழைதான். ஆனால் வந்த புதிதில் ஒரு மழை நாளில் எனக்கு உறக்கம் வராமல் போனபோது, மேலே மண் இருக்கிறதே என்ற நினைப்பினால்தான் என்று யாருக்கும் விளக்க முடியவில்லை.

இங்குள்ள படிவங்களைப் பற்றி ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது என் அப்பாவின் பிறந்த திகதியைக் கேட்டார்கள். அப்பா இறந்துவிட்டார். உயிரோடு இருந்த காலத்திலும் அவருக்கு அது தெரியாது. பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று சொல்வார். தெரியாது என்று எழுதினேன். கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் இரக்கத்தோடு, “ஜனவரி முதலாம் திகதி என்று போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்” என்றாள். போட்டேன். நான் சொன்ன உண்மையைத் தள்ளிவிட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த பொய்யை அந்த இயந்திரம் பச்சை நிறத்தில் வாங்கிக்கொண்டது.

மீரா வளர்வது வேறு மொழியில். அவளுடைய பாலர் பாடசாலையில் ‘தெரியாது’ என்று சொல்லும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறார்கள். தெரியாது என்று சொன்னால்தான் தேடத் தொடங்கலாம் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. போன வருடம் வீடியோ அழைப்பில் என் அம்மா, “சாப்பிட்டியா கண்ணு, என்னா சாப்புட்ட?” என்று கேட்க, அவள் தோளைக் குலுக்கி நோர்வே மொழியில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

“என்னா சொல்லுது?” என்றார் அம்மா.

“தெரியாதுன்னு சொல்லுதும்மா.”

அம்மாவின் முகம் மாறியது. “ஏன், அங்க யாரு வந்து நிக்கிறா?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் கணவருக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தெரியலீங்க என்பது ஒருவருக்குத் தெரியாததைப் பற்றிய பேச்சு கிடையாது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோ, மலைகளை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கோ, பொலிஸோ எதிரில் நின்றால் சொல்லும் சொல். யார் வேலையை நிறுத்தச் சொன்னது? தெரியலீங்க. மரத்தை வெட்டியது யார்? தெரியலீங்க. ஏன் இன்றைக்கு நாலு பேர் வரவில்லை? தெரியலீங்க. தெரிந்தவன் மாட்டிக்கொள்வான். தெரியாதவனை ஒன்றும் செய்ய முடியாது. கும்பிடு போடுவதுபோல, தலைத்துண்டை இறக்குவதுபோல, அது ஒரு பழக்கம். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஐந்து தலைமுறையாகக் கற்றது.

இதை விளக்கியபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

3

இந்த வருடம் மே மாதத்து மழையில் அம்மா அழைத்தார். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கால் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் போய்விட்டதாம். எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருப்பது அந்த மலை.

“எலி வளையா இருக்கும்மா.”

“எலி வளைக்கும் வெடிப்புக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் போவுது. செடியோட நெர ஒடஞ்சு கெடக்கு. நேத்து வரைக்கும் நேரா நின்ன நெர, இன்னைக்கு நடுவுல ஒரு அடி எறங்கி நிக்குது. மழ விட்டு ரெண்டு நாளாச்சு, இன்னமும் பீலியில தண்ணி செவப்பா வருது.”

பீலி என்பது மலையிலிருந்து குழாய் வைத்து நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம். முப்பது வருடமாக அந்த நிரைகளுக்கு இடையே நடக்கும் கால்கள் அம்மாவுடையவை. அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். அவர்களை அடுத்த பெருமழைக்கு முன்னால் அங்கிருந்து எடுக்க வேண்டும்.

அன்றே மாவட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். இரண்டு நாள் மினுக்கினேன். நல்ல கடிதம் என்று எனக்கே பெருமை. படித்தவள் எழுதியது என்று தெரிய வேண்டும், தோட்டத்துக்காரி ஓலமிடுகிறாள் என்று ஒதுக்கக் கூடாது. ஆகவே எந்த இடத்திலும் குரல் உயர்த்தவில்லை. வெடிப்பு இருக்கலாம். மண் நகர்வதாகக் கருத இடமுண்டு. குடியிருப்பாளர்கள் அவதானித்ததாகக் கூறுகின்றனர். அனுப்பும் முன் குணாவுக்குக் காட்டினேன்.

அவன் இப்போது நுவரெலியாவில், தோட்டங்களுக்காக மண்சரிவு ஆய்வுகளைச் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறான். கணக்கெடுப்பவர்களோடு போய், மக்களிடம் பேசி, அறிக்கையில் அந்தப் பகுதியை எழுதுவது அவன் வேலை.

“நல்லாருக்கு” என்றான். “நிதானமா இருக்கு. யாரும் கொறை சொல்ல முடியாது. இந்த வேல எங்களுக்குத்தான் வரும் பாரு. வந்தா நானே போறேன்.”

வேலை அவர்களுக்கே போனது. எனக்குப் பாரம் இறங்கியது. அம்மாவிடம், “குணா வர்றாம்மா, இனிமே கவலப்படாத” என்றேன்.

“நம்ம குணாவா? அப்ப சரி” என்றார் அம்மா.

4

ஜூலை மாதம் குணாவும் கணக்கெடுக்கும் கொழும்புக்காரர்களும் வந்தார்கள். அன்று நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். தோட்டம் ஏற்பாடு செய்த வாகனத்தில் வந்தார்களாம். கூடவே சின்னத் துரையும் கண்டாக்கும். ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். மழை தூறியதால் வெடிப்பு இருக்கும் உள்பக்கத்துக்குப் போகவில்லை. பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, லயத்துப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் குணா. அவனுக்குப் பின்னால் கண்டாக்கு குடைபிடித்து நின்றார்.

“என்னா கேட்டான்?”

“மண்ணு நகருதுன்னு ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமான்னு குணா தம்பி கேட்டுச்சு.”

“நீ என்னா சொன்ன?”

“அதெல்லாம் நமக்கு என்னங்க தெரியும், நீங்க படிச்சவங்க, நீங்கதான் பாத்துச் சொல்லணும்னேன்.”

“அம்மா!”

“பின்ன? கண்டாக்கையா மூஞ்சியப் பாத்துகிட்டு, ஒங்க மலை ஒடஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்றியா? மறுநா பெரட்டுல என் பேரக் கூப்புடுவாரா?” பிறகு எனக்காகச் சமாதானமாகச் சொன்னார். “குணாவுக்குத் தெரியாதா, நம்ம பேச்சு? அது புரிஞ்சுக்கும்.”

மேசை வேலை முடிந்ததும் அவன் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்திருக்கிறான். கதவோரத்து ஆணியில் ஒரு பை தொங்கியது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, ஒரு மாற்றுச் சேலை. மே மாதத்திலிருந்து அந்த லயத்தில் பன்னிரண்டு கதவோரத்திலும் அப்படி ஒரு பை தொங்குகிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சமைக்கிறார்கள். குணா அதைப் பார்த்து, “என்னா அத்த, ஊருக்குக் கெளம்பியாச்சா?” என்று கேட்டானாம். அம்மாவும் சிரித்தாராம்.

ஓகஸ்ட் மாதம் அறிக்கை கிடைத்தது. இருபது பக்கம். மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் கைப்பேசியில் வாசித்தேன். இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். விசாரிக்கப்பட்ட பதினொரு பெண்களும் மண் நகர்வு பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று கூறினர். முறைப்பாட்டாளர்கூடத் தமது கடிதத்தில் வெடிப்பு ‘இருக்கலாம்’ என்றே குறிப்பிட்டுள்ளார். நேரடி அறிவு எவரிடமும் இல்லாத நிலையில், அச்ச உணர்வை அறிவாகக் கொள்வது பொருத்தமற்றது. மேலதிக ஆய்வு நடக்கும்வரை குடியிருப்பாளர்களை அகற்ற வேண்டிய அவசியம் நிறுவப்படவில்லை.

அச்ச உணர்வை அறிவாகக் கொள்ளக் கூடாது. அழகான வாக்கியம். பல்கலைக்கழக நாட்களில் கன்டீனில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் செதுக்கிய வாக்கியங்களில் ஒன்றைப்போலவே இருந்தது.

5

“குணா, எங்கம்மா தெரியலீங்கன்னு சொன்னா என்னா அர்த்தம்?”

“தெரியலன்னு அர்த்தம்.”

“ஒங்கம்மா சொன்னா?”

போனில், அவன் இருந்த இடத்தில் யாரோ பெருக்கும் சத்தம் கேட்டது.

“சுகந்தி, அவுங்க சொன்னத அப்பிடியே எழுதுனேன். ஒரு வார்த்த கூட்டல, ஒரு வார்த்த கொறைக்கல. நீயும் அங்க இந்த வேலதானே பாக்குற? ஒங்க சட்டமும் அதானே?”

அதுதான் சட்டம். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். விளக்கம் கொடுக்கக் கூடாது. அந்த விதியை நானே புதியவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன்.

“கதவோரம் தொங்குன பையப் பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்.”

“அத ஏன் எழுதல?”

“பை ஒரு ஆதாரமா? எந்தக் கட்டத்துல அத நெரப்புறது? வெளையாடுறியா? இங்க பாரு, ஆபத்துன்னு நா எழுதுனா என்னா நடக்கும்? மேல்கணக்கப் பூட்டிருவானுங்க. பன்னெண்டு குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் போடுவானுங்க. மூணு மாசம் சோறும் பருப்பும் வரும். அப்புறம் எவனும் எட்டிப் பாக்கமாட்டான். வீடு கட்டிக் குடுப்பாங்கன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது.”

“பாத்தியா.”

“வீடு கெடைக்குமான்னு தெரியாது குணா. மண்ணு எறங்கியிருக்குன்னு தெரியும். ரெண்டையும் ஒரே பொட்டியில போட்டு மூடாத.”

“நீ நோர்வேயில ஒக்காந்துகிட்டு உறுதியாப் பேசலாம். இங்க ஒரு வார்த்த எழுதுனா அடுத்த தோட்டம் எங்களக் கூப்புடாது. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு.”

“அப்ப பயந்துட்டேன்னு சொல்லு. அறிவப் பத்தி ஏன் எழுதுற?”

“ஒங் கடுதாசியையே எடுத்துப் பாரு” என்றான். குரல் முதல்முறையாக உயர்ந்தது. “நாலு எடத்துல ‘இருக்கலாம்’ போட்டுருக்க. ஒங்கம்மா கால் உள்ள போனத ஒரு எடத்துலயாவது எழுதுனியா? எழுதல. ஏன்னா அது தோட்டத்துப் பேச்சு. ஒனக்கு வெக்கம். நா செஞ்சதையேதான் நீ மொதல்ல செஞ்ச.”

வைத்துவிட்டான். பிறகு கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு இடம் இல்லை, ஆறு இடம். முழங்கால் எங்கும் இல்லை. சிவந்த தண்ணீர் இல்லை.

அவன் எனக்குச் செய்தது துரோகம் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் அந்தச் சொல்லின் பொருள் அறிந்து பேசியவர்கள் இரண்டு தரப்புதான். சொன்ன பெண்கள் ஒரு பக்கம், குணா மறுபக்கம். கணக்கெடுக்க வந்த கொழும்புக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் காதில் விழுந்தது வெறும் தெரியாது. அவன் காதில் விழுந்தது அவன் அம்மாவின் குரல். அதைக் கேட்டுக்கொண்டே எழுதியிருக்கிறான். ஆனால் கதவைத் திறந்து கொடுத்தது என் கடிதம். அதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுத முடியாது.

6

அந்த அறிக்கை லயத்தில் செய்த வேலையை அம்மா வாரா வாரம் சொன்னார். லயத்து அறையைக் காம்பரா என்போம், பக்கத்துக் காம்பராவில் சசி என்ற பையன், கொழும்பில் கடையில் வேலை பார்ப்பவன், விடுமுறைக்கு வந்து, “ரிப்போட்லயே ஒண்ணும் இல்லன்னு போட்டுருக்கான், சும்மா பயங்காட்டாதீங்க” என்று தன் அம்மாவின் பையைக் கழற்றி எறிந்தானாம். எதிர்க் காம்பரா ஆள் வேறு கட்சி. அவருக்கு எல்லாமே பொய். ரிப்போட் பொய், போனில் வரும் மழை எச்சரிக்கை பொய், வெடிப்புப் படமும் யாரோ செய்து அனுப்பிய பொய். “எவனுக்கும் ஒண்ணும் தெரியாது, அவனவன் வாய்க்கு வந்தத சொல்றான்” என்பது அவர் முடிவு. ஒருவன் எல்லாவற்றையும் நம்புகிறான், ஒருவர் எதையும் நம்பவில்லை. இரண்டு பேரும் அதே மலையின் கீழேதான் படுக்கிறார்கள்.

எதையும் உறுதியாக அறிய முடியாது என்று என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அதை வாசித்த பேராசிரியர் ‘துணிச்சலானது’ என்று ஓரத்தில் குறித்தார். துணிச்சல் எங்கே இருந்தது? நான் அதை எழுதிய அறையில் கூரைக்கு மேலே மண் இல்லை. அங்கே உட்கார்ந்து எதையும் சந்தேகிக்கலாம், சந்தேகித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முடிவைத் தள்ளிப்போட்டால் அதற்கு விலை கொடுப்பது யார் என்று அந்த நூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை என்பதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது. எங்கிருந்து போனவள் நான்!

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இங்கர் என்ற ஓய்வுபெற்ற பெண்மணி இருக்கிறார். கட்டடத்துக்குப் பின்னால் மலைச்சரிவைத் தாங்கும் கல் சுவர் சற்று வீங்கியதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது. நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் காலை இரண்டு பேர் வந்து, சுவரில் ஆணி அடித்து அளவு குறித்து, எங்கள் காரை வேறிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த நாள் எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. ஒரு குடியிருப்பாளரின் அவதானிப்பை அடிப்படையாகக் கொண்டு சுவர் கண்காணிக்கப்படுகிறது என்று இருந்தது.

படியில் இங்கரைப் பார்த்தபோது, “சுவர் நகர்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன்.

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றுதான் அவர்களிடமும் சொன்னேன். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை அல்லவா?”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே சொல். இங்கே அதைச் சொன்னதும் ஆட்கள் அளவுகோலோடு ஓடிவருகிறார்கள். அங்கே அதைச் சொன்னதும் கோப்பை மூடுகிறார்கள். என் அம்மாவும் அதைத்தானே சொன்னார். நீங்க படிச்சவங்க, நீங்கதான் பாத்துச் சொல்லணும். அது ஒரு வேண்டுகோள். அதை ஒரு வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்கள்.

7

அன்று பின்னேரமே அம்மாவின் போன் வழியாக அவர் கூட்டத்துப் பெண்களோடு பேச ஆரம்பித்தேன். பீலியில் தண்ணீர் பிடிக்கும் நேரம். அங்கே அவர்களுக்குப் பின்னால் யாரும் குடைபிடித்து நிற்பதில்லை.

“எழுதி கண்டாக்கையாகிட்ட காட்டுவியா?” என்றார் ஒருவர்.

“இவ வெளிநாட்டுலருந்து சொல்லிட்டுப் போயிருவா. நாளைக்குப் பெரட்டுல நிக்கிறது நாமதானே” என்றார் இன்னொருவர். அதில் தப்பில்லை.

உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில், பார்த்த பிறகு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ராக்கம்மா அக்கா அம்மாவுக்கு அடுத்த நிரையில் பறிப்பவர். அவர்தான் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“என்னா செஞ்சேனா? எம் மருமகளப் பச்சப்புள்ளையோட டிக்கோயாவுக்கு, அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டேன். மூணு மாசமா எம் பேரன் மூஞ்சியப் பாக்கல. எதுக்கு அனுப்புனேன்? எனக்குப் பொழுது போகாமயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவர் வெடிப்பில் குச்சி நட்டு வைத்திருக்கிறார், இரண்டு மாதத்தில் அது நாலு விரற்கடை தள்ளிப் போயிருக்கிறது. ஒருவர் வீட்டுச் சுவரில் கோடு விழுந்ததைச் சாணம் பூசி மூடி, அது மறுபடி விழுந்ததைப் பார்த்திருக்கிறார். ஒருவர் மலைக்குப் போகும்போது அந்த நிரையை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறார். கண்டாக்கு ஏசினாலும் சுற்றித்தான் போகிறார். மேசைக்கு முன்னால் தெரியலீங்க என்ற பதினொரு பேரும் மூன்று நாட்களில் குரல் பதிவு அனுப்பினார்கள். கடைசியாக அம்மா.

“என் பேரப் போட்டுக்க” என்றார். “பெரட்டுல கூப்புடாட்டி போகட்டும். நா குணாவ நம்பித்தான் அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன்.” பிறகு சேர்த்துச் சொன்னார். “அது தேத்தண்ணி குடிச்சிட்டு, அந்தப் பையப் பாத்துட்டுத்தான் போச்சு பாப்பா.”

அம்மா அழுததை நான் போனில் கேட்டதில்லை. அன்றும் அழவில்லை. மூக்கை உறிஞ்சினார், அவ்வளவுதான்.

பதினொரு பேர் சொன்னதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஓர் இடத்திலும் ‘இருக்கலாம்’ கிடையாது. ‘கூறுகின்றனர்’ கிடையாது. கால் முழங்கால்வரை உள்ளே போனது என்றால் போனது. மாவட்ட அலுவலகத்துக்கும், மண்சரிவு பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் அனுப்பி, தோட்டத்தின் வாகனத்தில் வராத ஆட்களைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். பெண்களிடம் பேசும்போது தோட்டத்து அதிகாரிகள் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்றும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வருகிற மாதம் ஒன்பதாம் திகதி மறு ஆய்வு. மொழிபெயர்ப்பாளராக வர முடியுமா என்று அந்த அதிகாரி கேட்டிருந்தார்.

முடியாது என்று எழுதினேன். மொழிபெயர்ப்பவர் சொன்னதை மட்டும்தான் சொல்லலாம். எனக்கு அதற்குமேல் சொல்ல இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதிகாரிக்கு முன்னால் தெரியலீங்க என்றால் அதற்கு என்ன பொருள், அதை முதல் அறிக்கையை எழுதியவர் அறிவாரா, எப்படி அறிவார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இங்குள்ள ஒரு சட்டத்தரணியின் முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட்டேன். குணசேகரன் என்று அவனுடைய முழுப்பெயரையும் எழுதினேன். பிரதி ஒன்றை அவனுக்கும் அனுப்பிவிட்டேன்.

வருகிற மாதம் ஒன்பதாம் திகதிதான் என் குடியுரிமைப் பத்திரங்களைக் கொடுக்கப் பொலிஸ் நிலையத்தில் எனக்கு நேரம் கிடைத்திருந்தது. பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். இன்று காலை அதை ரத்துசெய்துவிட்டு, கொழும்புக்கு டிக்கெட் எடுத்தேன். மீரா இங்கே அவள் அப்பாவோடு இருப்பாள். மறு ஆய்வில் சொல்லப்போகும் சாட்சிகளின் பட்டியலில் அந்தப் பெண்களின் பதினொரு பெயர்களுக்குக் கீழே பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதி, அதையும் அனுப்பிவிட்டேன்.